நீர் விளையாட்டுக்கு எந்தப் படகு?

(பழைய மாணவர் சங்கமத்தில் பேசியதைப் பின்னர் எழுதித் தந்தது)



வாலாஜாபாத்தில் நின்றுகொண்டு படகைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் முன்வரிசையில் ஒரு சிரிப்பு கேட்டது. நியாயம்தான். நம் பாலாற்றில் வருஷத்தில் முக்கால்வாசி நாள் மணல்தான் ஓடும், அதுவும் லாரியில் ஓடும். ஆனால் 2021 நவம்பரில் அதே பாலாறு இரண்டு கரையும் தொட்டு ஓடியதை நீங்களே பார்த்திருப்பீர்கள். திருமுக்கூடலில் செய்யாறும் வேகவதியும் வந்து கலக்கிற இடம் அன்றைக்குக் கடல் மாதிரி இருந்தது. அதனால் நமக்கும் தண்ணீருக்கும் சம்பந்தமே இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது.

இந்தத் தலைப்பு நானாகத் தேர்ந்தெடுத்தது இல்லை. இரண்டு மாதத்துக்கு முன்னால் நம் சங்கச் செயலாளர் போன் செய்தார். “டேய், பக்கத்து ஏரி நிரம்பியிருக்கு. நம்ம பசங்களுக்கு வாட்டர் ஸ்கீயிங், வேக்போர்டு எல்லாம் சங்கம் மூலமா சொல்லித் தரலாம்னு ஒரு யோசனை. செகண்ட் ஹேண்டுல ஒரு ஸ்பீட் போட் வருது. அவுட்போர்டு எஞ்சின், 115 குதிரைத்திறன், விலை மலிவு. நீ வந்து ரெண்டு வார்த்தை நல்லதா பேசினா நன்கொடை சேர்ந்துடும்” என்றார். பேசுகிறேன், ஆனால் நீ நினைக்கிற ரெண்டு வார்த்தையாக இருக்காது என்று அப்போதே சொல்லிவிட்டேன். அவர் அதை விளையாட்டாக எடுத்துக்கொண்டார்.

என்னைத் தெரியாத இளைய மாணவர்களுக்காக ஒரு வார்த்தை. என் அப்பா தறிக்காரர். நான் இங்கே 1991 இல் இயற்பியல் முடித்தேன். வேலை தேடிச் சென்னை போனவன், தெரிந்தவர் ஒருவர் மூலமாகக் காசிமேட்டில் படகு எஞ்சின் பழுது பார்க்கும் பட்டறையில் சேர்ந்தேன். “டிகிரி படிச்சுட்டு கிரீஸ் கையா?” என்று அப்பா கேட்டார். பிறகு கடற்கரை ஓரத்து நீர் விளையாட்டு மையம் ஒன்றில் படகோட்டியாகவும் மெக்கானிக்காகவும் இருந்தேன். அதன்பின் துபாயில் பதினோரு வருஷம் ஸ்கீ படகு, வேக்போர்டு படகு என்று அதே வேலை. ஆக மொத்தம் வாழ்க்கை எஞ்சின் பக்கத்திலேயே போய்விட்டது.

படகை முன்னால் தள்ளுவதற்கு நான்கு வழிகள் இருக்கின்றன. முதலாவது அவுட்போர்டு. படகின் பின்பலகையில் வெளியே தொங்கும் எஞ்சின். தலையில் எஞ்சின், அதன் காலின் நுனியில் ப்ரொப்பல்லர். அமெரிக்காவில் ஓலி எவின்ரூடு என்பவர் 1909 இல் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தார். கழற்றலாம், மாட்டலாம், அடியில் கல் இடித்தால் தானே மேலே தூக்கிக்கொள்ளும், பழுதானால் தோளில் சுமந்து பட்டறைக்குக் கொண்டு போகலாம். நம் கடற்கரையில் ஃபைபர் படகுகளின் பின்னால் நீங்கள் பார்ப்பதெல்லாம் பெரும்பாலும் இதுதான். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் தெருத்தெருவாக வந்து ஜனங்களை ஏற்றிப் போன மீனவர் படகுகளை நினைத்துப் பாருங்கள். அந்த வேலைக்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாது. அவுட்போர்டை நான் குறை சொல்ல வரவில்லை. அதுதான் எனக்குச் சோறு போட்டது.

இரண்டாவது இன்போர்டு. எஞ்சின் படகுக்கு உள்ளே உட்கார்ந்திருக்கும். அதிலிருந்து ஒரு நீண்ட தண்டு சாய்வாகப் படகின் அடிவயிற்றைத் துளைத்து வெளியே போகும். அதன் முனையில் ப்ரொப்பல்லர், அதற்குப் பின்னால் சுக்கான். காசிமேட்டில் நிற்கும் பெரிய விசைப்படகுகள் எல்லாம் இந்த ரகம்தான்.

மூன்றாவது ஸ்டெர்ன் டிரைவ். எஞ்சின் உள்ளே, கால் வெளியே. வோல்வோ பென்டா நிறுவனம் 1959 இல் அறிமுகப்படுத்தியது. இரண்டின் நல்லதும் இதில் உண்டு, இரண்டின் தொல்லையும் உண்டு. நம் ஊரில் இதற்குப் பழுது பார்க்க ஆள் தேடி அலையவேண்டும். அதோடு விடுகிறேன்.

நான்காவது ஜெட். இதில் வெளியே ப்ரொப்பல்லரே கிடையாது. நம் வயலில் பம்ப்செட் தண்ணீரை இழுத்து அடிக்கிறதல்லவா, அதேதான். படகின் அடியில் ஒரு வாய், உள்ளே சுழலும் இம்பெல்லர், பின்னால் ஒரு மூக்கு. அடிக்கிற வேகத்தில் படகு எதிர்ப்பக்கம் ஓடும். நியூட்டனின் மூன்றாம் விதி என்று நம் பேராசிரியர் கரும்பலகையில் போட்டது, அங்கே கண்ணால் பார்க்கலாம்.

இதில் எது நல்லது என்று கேட்டால் ஓட்டுகிறவர்கள் எல்லோரும் வேகத்தைச் சொல்வார்கள், மைலேஜைச் சொல்வார்கள், விலையைச் சொல்வார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு நடந்த ஒன்றை இங்கே சொல்லவேண்டும். வீட்டிலேயே நான் அதிகம் பேசாத விஷயம்.

1998, மே மாதம், ஞாயிற்றுக்கிழமை. நான் வேலை செய்த மையத்தின் பெயர் வேண்டாம், இப்போது அது இல்லை. கூட்டமான நாள். ஸ்கீயிங் கற்றுக்கொள்ள வந்த ஒரு பையன், பத்தொன்பது வயது, கல்லூரி மாணவன். விழுந்து எழுந்து மூன்றாம் தடவை நன்றாகவே நின்றான். திரும்பவும் விழுந்தான். அவனை ஏற்றிக்கொள்ளப் படகைத் திருப்பிப் பக்கத்தில் கொண்டு போனேன். ஏணி எங்கே இருக்கிறது? பின்பலகையில், எஞ்சினுக்கு ஒட்டி. எஞ்சினை நான் நிறுத்தவில்லை. நியூட்ரலில் வைத்திருந்தேன். வெயிலில் சூடான எஞ்சின் திரும்ப ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கும் என்பதால் நிறுத்தாமலே ஏற்றுவது எங்களுக்குப் பழக்கம். ஓர் அலை வந்து படகை அவன் பக்கம் தள்ளியது. விலகவேண்டுமே என்று கை தானாக லீவருக்குப் போனது. முன்னால் தள்ளவேண்டியதை ஒரு நொடி பின்னால் இழுத்துவிட்டேன்.

ஒரு நொடிதான். மாணவர்களுக்காகக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். எஞ்சின் மெதுவாக, நிமிஷத்துக்கு 700 சுற்று ஓடுகிறது என்று வையுங்கள். கியரில் அது பாதியாகி ப்ரொப்பல்லர் 350 சுற்றுச் சுற்றும். அப்படியானால் நொடிக்கு ஆறு சுற்று. மூன்று இதழ். ஒரு நொடியில் ஓர் இடத்தைப் பதினெட்டு தடவை இதழ் கடக்கும். இது ஐடிலில். ‘மெதுவாத்தானே சுத்துது’ என்று நாம் சொல்லும் வேகம் இது.

கரையில் முதலுதவிப் பெட்டிகூட இல்லை. நம் திருமுக்கூடல் பெருமாள் கோயில் கல்வெட்டில் பதினோராம் நூற்றாண்டில், வீரராஜேந்திர சோழன் காலத்தில், பதினைந்து படுக்கை கொண்ட ஆதுலர் சாலை இருந்ததாகப் படிக்கிறோம். வைத்தியருக்கு இவ்வளவு, செவிலிக்கு இவ்வளவு என்று நெல் அளந்து எழுதி வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு அந்தக் கடற்கரையில் ஒரு கட்டுத்துணி இல்லை. வலை காய வைத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் ஓடிவந்து தன் துண்டை உருவித் தொடையில் இறுக்கிக் கட்டினார். அவர்தான் உயிரைக் காப்பாற்றியது. பையன் பிழைத்தான். வலது கால் முழங்காலுக்குக் கீழே பழையபடி ஆகவில்லை. இன்றைக்கும் தாங்கித் தாங்கித்தான் நடக்கிறான்.

தப்பு என்னுடையது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் மூன்று மாதம் கழித்து அவனை வீட்டில் போய்ப் பார்த்தபோது அவன் திட்டவில்லை. ஒரு கேள்வி கேட்டான். “அண்ணே, நான் ஏறுற இடத்துலதான் ஏணி இருக்கு. அந்த ஃபேன் ஏன் அங்கயே இருக்கு?”

எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த எஞ்சினின் ஒவ்வொரு போல்ட்டும் எனக்குத் தெரியும். இந்தக் கேள்வி மட்டும் தோன்றவே இல்லை. பதில் எனக்குத் துபாயில்தான் கிடைத்தது. அங்கே முதல் நாள் என்னிடம் ஓட்டக் கொடுத்தது ஓர் இன்போர்டு ஸ்கீ படகு. பின்னால் போய்ப் பார்த்தேன். பின்பக்கம் வழவழவென்று ஒன்றுமே இல்லை. மிதப்புப் பலகை ஒன்று, அவ்வளவுதான். ப்ரொப்பல்லர் எங்கே என்று குனிந்து தேடினேன். அது பலகைக்கு வெகு முன்னால், படகின் அடிவயிற்றுக்குக் கீழே மறைந்திருந்தது. பின்னால் வந்து ஏறுகிறவனுடைய கால் எட்டாத இடம்.

வாட்டர் ஸ்கீயிங்கைத் தொடங்கி வைத்தவர் அமெரிக்காவில் ரால்ஃப் சாமுவேல்சன் என்ற பையன். 1922 இல், பத்தொன்பது வயது நிறைவதற்கு முந்தின நாள், மினசோட்டாவில் பெப்பின் ஏரியில் இரண்டு பலகையைக் காலில் கட்டிக்கொண்டு சறுக்கிக் காட்டினார். அப்போது இழுப்பதற்குக் கிடைத்த படகில் இழுத்தார்கள். ஸ்கீயிங்குக்கென்றே தனியாகப் படகு கட்ட ஆரம்பித்தபோது இன்போர்டு பக்கம்தான் போனார்கள். இன்றைக்கும் பெரிய போட்டிகளில் இழுப்பது பெரும்பாலும் இன்போர்டுதான்.

பாதுகாப்பு மட்டும் காரணம் இல்லை. எஞ்சின் படகின் நடுவில் உட்காருவதால் எடை சமமாக இருக்கும். பின்னால் எழும் அலை தாழ்வாக இருக்கும். ஸ்லாலம் ஸ்கீ ஓட்டுபவர் மணிக்கு 58 கிலோமீட்டர் வேகத்தில் அந்த அலையைக் குறுக்கே வெட்டிப் போகவேண்டும். அலை உயரமாக இருந்தால் முட்டி கழன்றுவிடும். அடியில் இருக்கும் சின்னத் துடுப்புகள் படகைக் கோடு போட்ட மாதிரி நேராகப் பிடித்து நிறுத்தும். ஆள் பக்கவாட்டில் இழுக்கும்போது அவுட்போர்டு படகின் வால் அசையும். ஸ்கீ படகு அசையாது. நம் தறியில் பாவு இழுவிசை சரியாக இருந்தால்தான் ஊடை ஒழுங்காக விழும். இங்கே கயிறும் அப்படித்தான்.

வேக்போர்டுக்கு நேர்மாறு. அவர்களுக்கு அலை பெரிதாக வேண்டும், அதில் ஏறித்தான் குதிப்பார்கள். அதற்கு வி டிரைவ் என்று ஓர் ஏற்பாடு. எஞ்சினைப் படகின் கடைசிக்கே தள்ளி, முகத்தை முன்னோக்கித் திருப்பி வைத்துவிடுவார்கள். தண்டு முன்பக்கம் போய் ஒரு கியர் பெட்டியில் மடங்கித் திரும்பவும் பின்பக்கம் வரும். பக்கத்திலிருந்து பார்த்தால் படுக்க வைத்த ‘வி’ எழுத்து. பின்பக்கம் கனம் ஏறும், அலை உயரும். போதாததற்குப் பையில் தண்ணீர் நிரப்பிக் கனம் ஏற்றுவார்கள். இப்போது வேக்சர்ஃபிங் என்று ஒன்று வந்திருக்கிறது. கயிற்றை விட்டுவிட்டு அந்த அலையிலேயே, படகுக்குச் சில அடி பின்னால் நின்று வருவது. அவ்வளவு கிட்டத்தில் ஆள் நிற்கும்போது பின்னால் ப்ரொப்பல்லர் இருந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. அவுட்போர்டுக்கும் சாதாரண ஸ்டெர்ன் டிரைவுக்கும் பின்னால் இதைச் செய்யவே கூடாது. வோல்வோ பென்டாக்காரர்களே 2015 இல் ப்ரொப்பல்லரை முன்னோக்கித் திருப்பிப் படகுக்கு அடியில் கொண்டு போய் வைத்து ஒரு புது டிரைவ் செய்தார்கள். என் பையன் கேட்ட கேள்விக்கு அவர்கள் சொன்ன பதில் அது.

“அப்ப இன்போர்டே வாங்கிடலாமே” என்று செயலாளர் இப்போது கணக்குப் போடுவது தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள். அதன் குறையையும் சொல்லவேண்டும்.

இன்போர்டில் பின்னால் போவது பெரிய வித்தை. ப்ரொப்பல்லர் திரும்பாது, சுக்கான்தான் திரும்பும். ரிவர்ஸில் சுக்கான் மேல் தண்ணீர் சரியாகப் பாயாது. நீங்கள் ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் படகின் வால் தனக்குப் பிடித்த பக்கம்தான் போகும். ப்ரொப்பல்லர் இடம்சுழியாக இருந்தால் ரிவர்ஸில் வால் வலப்பக்கம் போகும். முதல் வாரம் நான் ஜெட்டியில் இடித்த இடிக்குச் சம்பளத்தில் பிடித்தார்கள். ஸ்கீ கயிறு தண்ணீரில் தளர்ந்து கிடந்தால், அம்மா தார் சுற்றுகிற மாதிரி நொடியில் தண்டில் சுற்றிக்கொள்ளும். அவுட்போர்டு என்றால் தூக்கி வைத்துக் கழற்றலாம். இங்கே மூச்சைப் பிடித்துக்கொண்டு கத்தியோடு அடியில் போகவேண்டும்.

அதைவிடப் பெரிய விஷயம் ஆழம். ஸ்கீ படகுக்கு ஏறக்குறைய 60 சென்டிமீட்டர் தண்ணீர் அடியில் வேண்டும், அதுவும் சும்மா நிற்பதற்கு. ஓடுவதற்கு அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு இருந்தால்தான் மனசு நிம்மதி. நம் ஏரிகள் எப்படி? கார்த்திகை மார்கழியில் நிரம்பும். பங்குனியில் மாடு இறங்கி நடக்கும். உள்ளே சீமைக் கருவேல முட்டு எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அவுட்போர்டு இடித்தால் கால் மேலே தூக்கும். இன்போர்டு இடித்தால் தண்டு வளையும், தாங்கி உடையும், சில சமயம் அடியில் ஓட்டையே விழும்.

இந்தச் சிக்கலுக்கு நம் மெட்ராஸிலேயே ஒரு விடை தேடினார்கள் என்பது உங்களில் பலருக்குத் தெரியாது. 1979 இல் ஐ.நா. உணவு விவசாய அமைப்பு வங்காள விரிகுடா திட்டம் என்று ஒன்றை மெட்ராஸைத் தலைமையிடமாக வைத்து ஆரம்பித்தது. கிழக்குக் கடற்கரையில் துறைமுகம் இல்லாத ஊர்களே அதிகம். அலையில் வந்து மணலில் ஏறி நிற்கவேண்டும். கட்டுமரத்துக்கு அது சுலபம். டீசல் இன்போர்டு வைத்த படகு மணலில் ஏறினால் ப்ரொப்பல்லர் போச்சு. அதனால் எஞ்சின், தண்டு, ப்ரொப்பல்லர் மூன்றையும் ஒரே துண்டாக ஒரு கீலில் மாட்டி, கரை நெருங்கும்போது மொத்தமாகச் சாய்த்து ப்ரொப்பல்லரை மேலே தூக்கும்படி செய்தார்கள். தண்டு வெளியே போகும் ஓட்டையில் தண்ணீர் புகாமல் இருக்க ரப்பர் மடிப்பு ஒன்று. பட்டறையில் அந்த மாதிரி ஒன்றைப் பிரித்துப் பூட்டும்போது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. வெளிநாட்டுப் பொம்மையை அப்படியே கொண்டுவந்து இறக்காமல், நம் கரை எப்படி இருக்கிறது என்று பார்த்துச் செய்த வேலை.

சரி, ஜெட்? 1977 இல் எட்மண்ட் ஹிலாரி, எவரெஸ்ட் ஏறியவரேதான், மூன்று ஜெட் படகுகளில் கங்கையில் கடல் முகத்திலிருந்து மேல்நோக்கிக் கிளம்பினார். பாறையும் மணல்திட்டும் நிறைந்த ஆற்றில், இமயமலைக்குள் நந்தப்பிரயாகை அருகே ஓர் அருவி மறிக்கும்வரை போனார். அந்த ஜெட்டை உருவாக்கியவர் நியூஸிலாந்தின் பில் ஹாமில்டன். அவர் ஊர் ஆறுகளும் ஆழமில்லாமல் கல்லும் மணலுமாகக் கிடப்பவை. ஓடும்போது முழங்கால் ஆழம்கூட வேண்டாம் அதற்கு. ப்ரொப்பல்லர் வெட்டும் பயமும் இல்லை.

அப்படியானால் நமக்கு அதுதானே என்றால், ஆகாயத்தாமரை ஒரு கொத்து வாய்க்குள் போனால் நின்றுவிடும். மணல் இழுத்தால் இம்பெல்லர் தேயும். மெதுவாகப் போகும்போது ஸ்டியரிங் பிடிக்கவே பிடிக்காது, ஆக்ஸிலரேட்டரை விட்டால் திருப்பம் போய்விடும். அந்த உறிஞ்சும் வாயில் கயிறு போகும், நீளமான தலைமுடியும் போகும். தங்கச்சிகள் இதைக் கவனிக்கவேண்டும். வாட்டர் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போகிறவர் பின்பக்கம் விழுந்தால், அந்தத் தண்ணீர் பீய்ச்சல் உடம்புக்குள் புகுந்து குடலைக் கிழிக்கிற அளவுக்குக் காயம் ஆகலாம். கம்பெனிக்காரர்கள் கனமான வெட்சூட் கால்சட்டை போடச் சொல்வது அதற்காகத்தான். நம் ஊரில் சாதாரண நிக்கரோடு ஏற்றி அனுப்புகிறார்கள்.

இன்போர்டிலும் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆபத்து உண்டு, அது புகை. பின்பலகையைப் பிடித்துக்கொண்டு நீரில் இழுபட்டு வருவது ஒரு விளையாட்டாக இருந்தது. சைலன்சர் வாய் அங்கேதான் இருக்கிறது. கார்பன் மோனாக்ஸைடுக்கு மணமும் இல்லை நிறமும் இல்லை. மயங்கிக் கையை விட்டு மூழ்கியவர்கள் உண்டு. கலிஃபோர்னியாவில் 2005 முதல் அதைச் சட்டம் போட்டே தடுத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 2021 முதல் இன்னொரு சட்டமும் இருக்கிறது. சின்ன மோட்டார் படகு ஓட்டுகிறவர் ஒரு கயிற்றைத் தன் உடம்பில் மாட்டியிருக்கவேண்டும், அவர் விழுந்தால் அது பிடுங்கிக்கொண்டு எஞ்சின் நின்றுவிடும். அந்தச் சிவப்புக் கயிறு நம் ஊர்ப் படகுகளிலும் இருக்கிறது. ஸ்டியரிங் பக்கத்தில் அழகாகத் தொங்கும்.

இப்போது நம் ஏரிக்கு வருகிறேன். 115 குதிரை அவுட்போர்டு வேண்டாம். பழைய டூ ஸ்ட்ரோக் எஞ்சின் என்றால் இன்னும் வேண்டாம். குடிக்கிற பெட்ரோலில் கால் பங்கு வரை எரியாமலே தண்ணீரில் விடும். அந்தத் தண்ணீர் கீழே நெல் வயலுக்குப் போகிறது. இன்போர்டு வேக்போர்டு படகும் வேண்டாம். விலை கட்டாது என்பது ஒரு பக்கம். அந்தப் பெரிய அலை தினமும் போய் மண்கரையில் மோதினால் கரை அரிக்கும். நம் பாட்டன் முப்பாட்டன் கட்டிக் காத்த கரை அது. நாம் பொழுதுபோக்குவதற்காக அதைக் கரைக்கக்கூடாது. ஜெட்டுக்கு ஆகாயத்தாமரை விடாது.

“எல்லாத்தையும் வேண்டாம்னா என்னதான்டா செய்யறது” என்று செயலாளர் கேட்பார். கேட்டும் விட்டார், காலையில் டிபன் சாப்பிடும்போதே.

எஞ்சினைத் தண்ணீரில் வைக்கவே வேண்டாம். 1960களில் ஜெர்மனியில் புரூனோ ரிக்சன் என்ற பொறியாளர், படகே இல்லாமல் கம்பி வடத்தால் ஸ்கீ ஓட்டுபவரை இழுக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். அதிலே சின்ன வகை ஒன்று இருக்கிறது. இரண்டு கம்பம், நடுவே இருநூறு மீட்டர் அளவு தண்ணீர், மேலே வடம், கரையில் ஒரு மின்சார மோட்டார். மோட்டார் இந்தப் பக்கம் சுற்றினால் ஆள் அந்தக் கரைக்குப் போவான், அந்தப் பக்கம் சுற்றினால் திரும்பி வருவான். புகை இல்லை, எண்ணெய் இல்லை, பெரிய அலை இல்லை. தண்ணீருக்குள் சுழலும் பொருள் எதுவுமே இல்லை. காஞ்சிபுரத்துத் தெப்பத்தை எத்தனை வருஷமாகக் கயிறு கட்டித்தானே இழுக்கிறோம்? எஞ்சினா வைத்திருக்கிறோம்?

இதிலும் கவனிக்கவேண்டியது உண்டு. வடம் விழுந்தால் ஆபத்து, கம்பத்துக்கு அஸ்திவாரம் சரியாக வேண்டும், வழியில் முட்டு எல்லாவற்றையும் கோடையிலேயே இறங்கிப் பிடுங்கவேண்டும். மீட்புக்கு ஒரு படகு கட்டாயம் வேண்டும். அதற்கு ஒரு சின்ன அவுட்போர்டு போதும், 10 குதிரைக்கு மேல் வேண்டாம், ப்ரொப்பல்லரைச் சுற்றி வளையக் கூண்டு போட்டு. வேகமாக ஓடும் படகில் அந்தக் கூண்டு தடையாக இருக்கும், மெதுவாகப் போகும் மீட்புப் படகுக்கு அது பிரச்சினை இல்லை. ஏணியைப் பின்பலகையிலிருந்து எடுத்துப் பக்கவாட்டில் மாட்டவேண்டும். படகோட்டுபவர் கோவாவில் தேசிய நீர் விளையாட்டு நிறுவனத்தில் பயிற்சி எடுத்தவராக இருக்கவேண்டும். 1990 முதல் அங்கே சொல்லித் தருகிறார்கள். நீர்வளத்துறை அனுமதி, பாசன விவசாயிகளின் சம்மதம் இரண்டும் கையில் வந்த பிறகுதான் ரசீதுப் புத்தகம் அச்சடிக்கவேண்டும்.

இன்னொன்றும் செயலாளரிடம் எழுதியே கொடுத்திருக்கிறேன். தண்ணீரில் இருக்கும் ஆளைப் படகில் ஏற்றும்போது எஞ்சின் நியூட்ரலில் இருக்கக்கூடாது. சாவியைத் திருப்பி நிறுத்தியிருக்கவேண்டும். திரும்ப ஸ்டார்ட் ஆகாவிட்டால் துடுப்புப் போட்டு வரட்டும். இதற்கு ஒப்புக்கொள்ளாத ஆளைப் படகோட்டியாக வைத்தால் என் நன்கொடையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தொகை பெரிதில்லை, ஆனால் கேட்பேன்.

அந்தப் பையனுக்கு, பையன் என்ன, நாற்பது தாண்டியாகிவிட்டது, நான் இன்றைக்குப் பேசப்போவதைப் போனில் சொன்னேன். “என் பேரைச் சொல்லாதீங்கண்ணே, கேள்வியை மட்டும் சொல்லுங்க” என்றான். சொல்லிவிட்டேன்.

செயலாளர் இன்னும் பதில் சொல்லவில்லை. அதோ, மூன்றாவது வரிசையில் பேப்பரில் ஏதோ கூட்டிக்கொண்டிருக்கிறார். மாணவர்கள் வெளியே வராந்தாவுக்கு வாருங்கள். ஒரு பழைய ப்ரொப்பல்லரும் தேய்ந்துபோன ஜெட் இம்பெல்லர் ஒன்றும் மேசை மேல் வைத்திருக்கிறேன். கையில் எடுத்துப் பார்க்கலாம். ப்ரொப்பல்லரின் விளிம்பில் மட்டும் விரலை ஓட்டாதீர்கள், நேற்றுத்தான் துடைத்தேன், இன்னும் கூர் இருக்கிறது.